பாதர்ஸ்ட் வீதியில் ஒரு செவ்வாய்க்கிழமை: யூத முதியவர்களுக்குத் துணையாகப் போக விரும்புவோர் கேட்கும் கேள்விகள்

ரொறன்ரோவில் பாதர்ஸ்ட் வீதியை ஒட்டி வாழும் யூத முதியவர்களுக்கு ஆறு ஆண்டுகளாகத் தொண்டு செய்து வருகிறேன். செவ்வாய்தோறும் ஒரு வீட்டுக்குப் போகிறேன். மாதம் இரண்டு நாள் சாப்பாட்டுப் பொதிகளைக் காரில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கோயிலிலும் பிள்ளைகளின் பள்ளி வாசலிலும் இதைப் பற்றித் தமிழர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். எந்த அமைப்பின் சார்பாகவும் நான் பேசவில்லை. எழுதியிருப்பதெல்லாம் போய்வந்து கற்றுக்கொண்டதுதான்.

இந்த மக்கள் எங்கே வாழ்கிறார்கள்? எந்த அமைப்புகள் தொண்டர்களைத் தேடுகின்றன?

கனடாவில் வாழும் யூதர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் ரொறன்ரோப் பெருநகரப் பகுதியில் இருக்கிறார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்பு அவர்களின் கடைகளும் தொழுகைக்கூடங்களும் நகரின் நடுவே, இன்றைய கென்சிங்டன் சந்தைப் பக்கம் இருந்தன. பிறகு தலைமுறை தலைமுறையாகப் பாதர்ஸ்ட் வீதி வழியே வடக்கே நகர்ந்து தோர்ன்ஹில், வோன் வரை போய்விட்டார்கள். அந்த ஒரே வீதியில் பஸ்ஸில் போனால் ஒரு சமூகத்தின் இடம்பெயர்வை முழுவதும் பார்த்துவிடலாம்.

முதியோர் பராமரிப்பில் பெரிய பெயர் பேக்ரெஸ்ட். அது தொடங்கிய கதையை நம்மவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷ் பேசிய, புதிதாகக் குடியேறிய பெண்களின் சங்கம் ஒன்று இருந்தது. எஸ்ராஸ் நோஷிம் என்று பெயர். தங்கள் முதியவர்கள் பிறருடைய இல்லங்களில் பேச மொழியும் உண்ண ஏற்ற உணவும் இல்லாமல் கிடப்பதைக் கண்டு, அந்தப் பெண்கள் வீடு வீடாகப் பணம் சேர்த்தார்கள். 1918இல் செசில் வீதியில் ஒரு சாதாரண வீட்டில் யூத முதியோர் இல்லத்தைத் திறந்தார்கள். அதுதான் வளர்ந்து இன்று பாதர்ஸ்ட் வீதியில் மருத்துவமனையும் ஆராய்ச்சி நிலையமுமாக நிற்கிறது. பெரிய கொடையாளிகள் பின்னால் வந்தவர்கள். அடிக்கல்லை வைத்தவர்கள் தொண்டர்கள்.

இதைத் தவிர, வீட்டிலேயே இருக்கும் முதியவர்களுக்கு உதவும் சர்க்கிள் ஆஃப் கேர், ஸ்டீல்ஸ் வீதியில் இருக்கும் பெர்னார்ட் பெட்டல் நிலையம், குடும்பங்களுக்குத் துணை நிற்கும் யூதக் குடும்ப மற்றும் குழந்தைகள் சேவை, அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்காக 1973இல் பெற்றோர்கள் தொடங்கிய ரீனா ஆகிய அமைப்புகளும் இருக்கின்றன. எல்லாவற்றிலும் தொண்டர்களுக்கென ஓர் ஒருங்கிணைப்பாளர் இருப்பார். முதலில் பேச வேண்டியது அவரிடம்தான். நேரே ஒரு வீட்டுக் கதவைத் தட்டக்கூடாது.

நான் யூதர் இல்லையே, என்னை ஏற்பார்களா?

ஏற்பார்கள். பராமரிப்புப் பணியாளர்களில் பெரும்பாலோர் யூதர்கள் அல்லர், அவர்களில் நம் தமிழ்ப் பெண்களும் இருக்கிறார்கள். தொண்டர்களிலும் எல்லா இனத்தவரும் உண்டு. முதல் நாள் ஒருவேளை "நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் குத்தல் எதுவும் இல்லை. அவர்களும் ஏதோ ஓர் ஊரை விட்டுவிட்டு வந்தவர்கள்தான்.

என்னென்ன வேலைகள் இருக்கும்?

அதிகம் தேவைப்படுவது வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொண்டிருக்க ஆள். அடுத்தது தொலைபேசியில் பேச ஆள். வாரம் இருமுறை இருபது நிமிடம் பேசினால் போதும். மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போவது, கடைக்குப் போய்வருவது, நடக்கச் சிரமப்படுபவர்களுக்கான வீல்டிரான்ஸ் வாகனம் வரும்வரை கூட நிற்பது, மருத்துவமனையில் சக்கர நாற்காலி தள்ளுவது, கைபேசியில் பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கச் சொல்லிக் கொடுப்பது என்று இன்னும் பல.

முதியவர்கள் மட்டுமல்ல. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு ஆண்டுதோறும் யூதர்களின் வசந்தகாலப் பெருநாளான பெசாக்குக்கு முன் உணவுப் பெட்டி கொடுக்கும் பணி நடக்கிறது. கனடா யூதப் பெண்கள் தேசிய மன்றத்தின் ரொறன்ரோக் கிளை நடத்தும் உணவுத் திட்டம் அவற்றில் ஒன்று. பெட்டி அடுக்கவும் கார் ஓட்டவும் நிறைய ஆள் வேண்டும். பெட்டியைக் கொடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் ஈகையை எட்டுப் படிகளாகப் பிரித்தார். கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்று இருவருக்கும் தெரியாமல் கொடுப்பது அதில் இரண்டாவது உயர்ந்த படி. அதற்கும் மேலே ஒரு படிதான் உண்டு, ஒருவரைத் தன் காலிலேயே நிற்கச் செய்வது. ஆகையால் பெட்டியோடு வாசலில் நின்று கதை பேசாதீர்கள், பக்கத்து வீட்டார் காதில் விழும்படி பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். பெட்டியை வைத்துவிட்டு, பெருநாள் வாழ்த்துச் சொல்லிவிட்டு இறங்கிவிடுங்கள்.

எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

வாரம் ஒருமுறை, ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். நேரம் குறைவுதான். கடினமாக இருப்பது, அதே நாளில் அதே மணிக்குப் போவது.

நான் போகும் அம்மையாரின் குளிர்ப்பெட்டிக் கதவில் பெரிய எழுத்து நாட்காட்டி ஒன்று தொங்குகிறது. மாதம் பிறந்ததும் செவ்வாய்க் கட்டங்களில் என் பெயரின் முதல் எழுத்தைக் கறுப்புப் பேனாவால் எழுதி வைத்துவிடுவார். நான் போய் மேலங்கியைக் கழற்றி மாட்டியதும், எழுந்து போய் அந்த எழுத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார். நடை தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு அந்த நாலடியை நடக்க அவருக்கு ஒரு நிமிடமாவது ஆகும். "நான் போடட்டுமா?" என்று ஒருமுறைதான் கேட்டேன். ஒரு வாரம் பனிப்புயலில் போக முடியவில்லை. தொலைபேசியில் சொல்லியிருந்தேன், அவரும் "வராதே, வழுக்கும்" என்றார். அடுத்த வாரம் போனபோது அந்த ஒரு கட்டத்தில் மட்டும் எழுத்தைச் சுற்றி வட்டம் இல்லை. அவர் எதுவும் சொல்லவில்லை. நான் அதைப் பார்த்ததை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே யார் என்னைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்கிறேன். ஆறு மாதம் தவறாமல் வர முடியும் என்று தோன்றினால் வீட்டுக்குப் போகும் பணியை எடுங்கள். முடியாது என்றால் பெட்டி அடுக்கப் போங்கள், அதுவும் நல்ல பணி, மதிப்பில் குறைந்ததல்ல. மூன்று வாரம் வந்து பழகிவிட்டுக் காணாமல் போகிறவர் செய்யும் தீங்கு, வராமலே இருப்பவர் செய்வதை விடப் பெரியது. அந்தக் கட்டங்களை எழுதிவைத்தவர் அவற்றைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் 40 மணி நேரத் தொண்டு வேண்டும். அனுப்பலாமா?

ஒன்ராறியோவில் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் பெற 40 மணி நேரச் சமூகத் தொண்டு கட்டாயம் என்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. அனுப்பலாம். ஆனால் ஜூன் மாதக் கடைசியில் மணிக்கணக்கை நிரப்ப அனுப்பாதீர்கள். பதினோராம் வகுப்பிலேயே தொடங்கி ஞாயிற்றுக்கிழமைகளில் போகட்டும். இளையவர்களை முதலில் குழு நிகழ்ச்சிகளில் சேர்ப்பார்கள்: பிங்கோ, ஓவியம், இசை, கணினி வகுப்பு. வயலினோ வாய்ப்பாட்டோ கற்ற பிள்ளை என்றால் அதைச் சொல்லுங்கள். நம் பிள்ளை ஒருத்தி ஒரு முதியோர் இல்லத்தில் கர்நாடக இசைக் கீர்த்தனை பாடியதை நான் கேட்டிருக்கிறேன். மொழி தெரியாத நாற்பது பேர் தாளம் போட்டார்கள்.

என்னென்ன பத்திரங்கள் கேட்பார்கள்?

காவல்துறையின் நன்னடத்தைச் சான்று. அதிலும் முதியவர், சிறுவர் போன்ற நலிந்தவர்களுடன் பழகுபவர்களுக்கென்று இருக்கும் விரிவான சோதனை. தெரிந்தவர் இருவரின் பரிந்துரை. மருத்துவமனை, முதியோர் இல்லம் என்றால் காசநோய்ச் சோதனையும் தடுப்பூசி விவரமும். பிறகு ஒரு பயிற்சி. எல்லாம் முடிய ஓரிரு மாதம் பிடிக்கலாம், பொறுமையாக இருங்கள்.

வாசலில் காவலர் நிற்கிறார், பையைத் திறக்கச் சொல்கிறார். எங்களைச் சந்தேகிக்கிறார்களா?

உங்களைக் குறிவைத்துச் செய்வதல்ல. யூத நிலையங்களின் மேல் உலகெங்கும் தாக்குதல்கள் நடந்திருக்கின்றன, இந்த நகரிலும் பள்ளிகளும் தொழுகைக்கூடங்களும் மிரட்டப்பட்டிருக்கின்றன. சோதனை எல்லோருக்கும் உண்டு. புகைப்பட அடையாள அட்டையைக் கையிலேயே வைத்திருங்கள், காவலருக்கு வணக்கம் சொல்லுங்கள். மூன்றாம் வாரம் அவரே உங்களைப் பெயர் சொல்லி அழைப்பார்.

வடை, கேக், இடியப்பம் ஏதாவது செய்து கொண்டு போகலாமா?

வெறுங்கையோடு பெரியவர்களைப் பார்க்கப் போகக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். ஆகவே இந்தப் பதில் மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும்: கொண்டு போகாதீர்கள்.

கோஷர் என்ற யூத உணவு விதி பன்றி இறைச்சியைத் தவிர்ப்பதோடு முடிந்துவிடுவதில்லை. இறைச்சியும் பாலும் ஒரே வேளையில் சேரக்கூடாது. அவற்றுக்கான பாத்திரம், கரண்டி, கழுவும் தொட்டிகூட வேறு வேறு. எனவே சைவ உணவாக இருந்தாலும், பொருள்களையெல்லாம் கோஷர் கடையிலேயே வாங்கியிருந்தாலும், நம் வீட்டுச் சட்டியில் சமைத்தால் அது கோஷர் ஆகாது. வெட்டாத முழுப் பழங்கள், பூக்கள் கொண்டு போகலாம். பொட்டலத்தில் வருவதென்றால் உறையின் மேல் கோஷர் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ரொறன்ரோவில் பெரும்பாலும் காண்பது சி.ஓ.ஆர். என்ற முத்திரை. முத்திரை இருந்தாலும் முதல் தடவை கேட்டுவிட்டே வாங்குங்கள். வைன், திராட்சைச் சாறு போத்தல்களை அவர்கள் சொன்னாலொழியத் திறக்கவோ ஊற்றவோ வேண்டாம். யூதர் அல்லாதவர் கைப்பட்ட வைனைக் குடிக்கக்கூடாது என்பது ஆசாரமானவர்களின் விதி. தீண்டாமை என்று நினைத்து மனம் புண்படாதீர்கள். பிற தெய்வங்களுக்கு வைன் படைக்கப்பட்ட காலத்தில் எழுந்த விதி அது. உங்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து உண்பார்கள், உங்கள் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார்கள்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். இரண்டாவது மாதம், அம்மையாருக்குத் தேநீர் கலக்க இழுப்பறையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்தேன். கைப்பிடி நுனியில் சிவப்பு நகப்பூச்சில் சிறு புள்ளி ஒன்று இருந்தது. கவனிக்கவில்லை. பாலூற்றிக் கலக்கிவிட்டேன். சிவப்புப் புள்ளி இறைச்சிக்கு, நீலப் புள்ளி பாலுக்கு. அவர் என் கையிலிருந்து கரண்டியை மெதுவாக வாங்கி, காகிதத் துவாலையில் சுற்றி, சன்னல் விளிம்பில் வைத்தார். "ரபியைக் கேட்டுக்கொள்கிறேன்" என்றார், அவ்வளவுதான். ரபி என்பவர் அவர்களின் மதகுரு. தேநீரையும் அவர் குடிக்கவில்லை. என் பாட்டியின் ஆசாரச் சமையலறையில் வளர்ந்த எனக்கே அது தெரியாமல் போயிற்றே என்று அன்று மனம் மிகவும் வருந்தியது. அதன்பின் எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் நாளே கேட்டுவிடுகிறேன்: எது பாலுக்கு, எது இறைச்சிக்கு, நான் எதைத் தொடலாம்? இப்படிக் கேட்பதை அவர்கள் மரியாதையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். எல்லோரும் இவற்றைக் கடைப்பிடிப்பதில்லை. பக்கத்து வீட்டிலேயே எதையும் பார்க்காமல் உண்பவர் இருப்பார். நீங்களாக எதையும் முடிவு கட்டாதீர்கள்.

சனிக்கிழமை போகலாமா?

ஆசாரமான வீடு என்றால் வெள்ளி மாலை சூரியன் மறைவதற்குச் சற்று முன்பிலிருந்து சனி இரவு வரை சபாத் என்னும் ஓய்வு நாள். விளக்குச் சுவிட்சைத் தொட மாட்டார்கள், தொலைபேசி எடுக்க மாட்டார்கள், காரில் ஏற மாட்டார்கள், பணம் தொட மாட்டார்கள். இந்த ஊரில் டிசம்பரில் மாலை நாலரை மணிக்கு முன்பே மெழுகுவர்த்தி ஏற்றிவிடுவார்கள். ஜூன் கடைசியில் ஏறக்குறைய ஒன்பது மணி ஆகும். எனவே "வெள்ளி ஐந்து மணிக்கு வருகிறேன்" என்பது கோடையில் சரி, குளிர்காலத்தில் தவறு.

போகிற வாய்ப்புக் கிடைத்தால் நடந்து போங்கள், அழைப்பு மணியை அழுத்தாமல் கதவைத் தட்டுங்கள். "இங்கே கொஞ்சம் இருட்டாக இருக்கிறது" என்று ஒருவர் சொல்லக் கேட்கலாம். யூதர் அல்லாதவரிடமும் நேராக "விளக்கைப் போடு" என்று கேட்க அவர்களின் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. அந்தக் குறிப்பைப் புரிந்துகொள்ளுங்கள். ஆனால் அவர்களைக் கேட்காமல் விளக்கை அணைத்தோ அடுப்பை மாற்றியோ விடாதீர்கள்.

உயிருக்கு ஆபத்து என்றால் இந்த விதி எதுவும் குறுக்கே நிற்காது. உயிரைக் காப்பது சபாத்தை விடப் பெரியது என்பதே யூதச் சட்டம். விழுந்துவிட்டால், நெஞ்சு வலித்தால், உடனே 911ஐ அழையுங்கள்.

பெருநாள்களில் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

பெசாக் எட்டு நாள்களும் எந்த உணவும், பழத்தைத் தவிர, கொண்டு போகாதீர்கள். புளிக்கும் தானியம் எதுவும் வீட்டில் இருக்கக்கூடாது என்று வாரக்கணக்கில் இண்டு இடுக்கெல்லாம் துடைத்திருப்பார்கள். உங்கள் கைப்பையில் கிடக்கும் பிஸ்கட்கூட அங்கே நுழையக்கூடாது. கிழக்கு ஐரோப்பிய வழிவந்தவர்கள் அந்த நாள்களில் அரிசி, பருப்பு வகைகளையும் தவிர்ப்பார்கள். மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்க வழியினர் பலர் அரிசி உண்பார்கள். இட்லி, சாம்பார் இரண்டுமே விலக்கப்பட்ட பட்டியலில் வருகின்றன என்று நான் சொன்னபோது அம்மையார் வியந்தார்.

முதுகாலத்தில் இந்தத் துடைத்தல் வேலைதான் அவர்களுக்கு மிகப்பெரிய சுமை. பெசாக்குக்கு இரண்டு வாரம் முன்பு போய் மேல் அலமாரிப் பாத்திரங்களை இறக்கிக் கொடுங்கள். ஆண்டு முழுவதும் செய்யும் உதவிகளில் இதற்கு ஈடு எதுவும் இல்லை.

பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூரில் ஏறக்குறைய 25 மணி நேரம் தண்ணீர்கூட இல்லாமல் விரதம். உயிருக்கு ஆபத்து என்றால் நோயாளி விரதம் இருக்கக்கூடாது என்று அவர்களின் சட்டமே சொல்கிறது. ஆனாலும் சில முதியவர்கள் பிடிவாதமாக இருப்பார்கள். நீங்கள் வாதாட வேண்டாம், ஒருங்கிணைப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

எப்படி அழைப்பது? கை கொடுக்கலாமா?

நமக்கு வாயில் உடனே வருவது பாட்டி, ஆச்சி, அம்மம்மா. யூதர்கள் பலர் பாட்டியை அழைக்கும் சொல் பபி. அது பேரப்பிள்ளைகளுக்குச் சொந்தமான சொல், நாம் எடுத்துக்கொள்ளக்கூடாது. குடும்பப் பெயருக்கு முன் மிஸ்ஸிஸ், மிஸ்டர் சேர்த்து அழையுங்கள். முதற்பெயரால் அழைக்கும்படி அவரே சொன்னால் அப்படியே செய்யுங்கள். ஆசாரமான ஆண்கள் பெண்களுக்கும், பெண்கள் ஆண்களுக்கும் கை கொடுக்க மாட்டார்கள். அவர் கை நீட்டினால் நீட்டுங்கள், இல்லையென்றால் தலையசைத்து வணக்கம் சொன்னால் போதும்.

வெள்ளிக்கிழமை என்றால் "ஷபாத் ஷலோம்", சபாத் நாளுக்கான வாழ்த்து. விடைபெறும்போது இத்திஷ் பேசும் முதியவர் "ஸை கெஸுண்ட்" என்பார். சுகமாய் இரு என்று பொருள். திருப்பிச் சொல்லிப் பாருங்கள், அவர் முகம் மலர்வதைக் காண்பீர்கள்.

நோயாளியைப் பார்க்கப் போகும்போது ஏதேனும் முறை இருக்கிறதா?

இருக்கிறது, அழகான முறை. நோயுற்றவரைப் போய்ப் பார்ப்பதை பிக்கூர் ஹோலிம் என்கிறார்கள். அது விருப்பப்பட்டால் செய்யும் நற்செயல் அல்ல, கடமை. பார்க்க வருபவர் நோயில் அறுபதில் ஒரு பங்கை எடுத்துச் செல்கிறார் என்று யூதர்களின் பழைய சட்ட நூலான தல்மூத் சொல்கிறது.

அதே நூல் நேரத்தையும் சொல்கிறது. பகலின் முதல் மூன்று மணி நேரத்தில் போகாதே: காலையில் நோயாளி தெளிவாக இருப்பார், இவருக்கு ஒன்றுமில்லை என்று நினைத்து அவருக்காக வேண்டாமல் திரும்பிவிடுவாய். கடைசி மூன்று மணி நேரத்திலும் போகாதே: தளர்ந்து கிடப்பார், இனி வேண்டிப் பயனில்லை என்று கைவிட்டுவிடுவாய். இறைவனின் பிரசன்னம் நோயாளியின் தலைமாட்டில் இருக்கிறது, ஆகவே கட்டிலின் மேல் உட்காராதே என்றும் சொல்கிறது. முதியோர் இல்லப் பயிற்சியில் எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் ஏறக்குறைய இதேதான்: நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் கண்மட்டத்துக்குத் தாழ்ந்து உட்காருங்கள்.

நாஜிகளின் படுகொலையிலிருந்து தப்பியவர்களைச் சந்திக்க நேருமா? அதைப் பற்றிக் கேட்கலாமா?

நேரும். போருக்குப் பின் சுமார் 40,000 பேர் கனடாவுக்கு வந்தார்கள். 1945க்கு முன் பிறந்தவர்கள் என்பதால் இன்று மிஞ்சியிருப்பவர் எவருக்கும் எண்பது வயது கடந்துவிட்டது. பலர் அப்போது குழந்தைகள். ஒளித்து வைக்கப்பட்டவர்கள், பெற்றோரை மீண்டும் காணாதவர்கள்.

நீங்களாகக் கேட்காதீர்கள். கையில் இலக்கம் இருக்கிறதா என்று கண்ணால் தேடாதீர்கள். அவ்வாறு பச்சை குத்தியது அவுஷ்விட்ஸ் முகாம்களில் மட்டும்தான், பெரும்பாலானவர்கள் கையில் எதுவும் இருக்காது. 1983 ஜூலையைப் பற்றியும் 2009 மே மாதத்தைப் பற்றியும் நம் வீட்டுப் பெரியவர்களிடம் எப்படிக் கேட்கிறோம்? கேட்பதில்லை. ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே அவர்களாகத் தொடங்குவார்கள், நாம் கையிலிருப்பதை வைத்துவிட்டுக் கேட்போம். இங்கேயும் அப்படித்தான்.

சில செயல்களின் காரணம் தெரிந்திருக்க வேண்டும். மதிய உணவு மண்டபத்தில் ஒருவர் பாண் துண்டைக் கைத்துடைப்புத் தாளில் மடித்து, இன்னொரு தாளில் இன்னொரு முறை மடித்து, கைப்பையின் உள்ளறையில் வைப்பதைப் பார்த்தேன். பையில் நேற்றைய பாணும் இருந்தது. "காய்ந்துவிட்டது, எறிந்துவிடட்டுமா?" என்று யாரும் கேட்கக்கூடாது. எறியவே கூடாது. அவர் பையில் பாண் இருக்கும்வரைதான் அவருக்கு நிம்மதி. குளியலறைத் தூவல் குழாய், குரைக்கும் பெரிய நாய், சீருடை, வரிசையில் நிற்கச் சொல்வது, உரத்த கட்டளைக் குரல் ஆகியவை சிலரை நடுங்க வைக்கும். அத்தகையவர்களோடு பழகப் பணியாளர்களுக்குத் தனிப் பயிற்சி உண்டு, தொண்டர்களும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

தப்பியவர்கள் கூடிப் பேசிப் பாடும் சந்திப்புகளுக்குக் கஃபே யூரோப்பா என்று பெயர். போர் முடிந்தபின் அவர்கள் கூடி உறவுகளைத் தேடிய ஸ்டொக்ஹோம் நகரத்துக் காப்பிக்கடையின் பெயர் அது. அங்கே நாற்காலி போடவும் காப்பி ஊற்றவும் ஆள் தேவைப்படும்.

மறதி நோய் வந்தவர் என் மொழியையே பேசவில்லை. என்ன செய்வது?

பின்னால் கற்ற ஆங்கிலம் முதலில் போகும், தாய்மொழி கடைசிவரை நிற்கும். ஹங்கேரிய மொழிக்கோ ரஷ்ய மொழிக்கோ இத்திஷுக்கோ திரும்பிவிடுவார்கள். நான் அறிந்த ஒரு பெரியவர் தையற்கடை வைத்திருந்தவர். ஆங்கிலம் முழுவதும் போய்விட்டிருந்தது. அவரோடு பேசிப் பேசித் தோற்றபின், ஒருநாள் கூடை நிறையத் துவாலைகளை எடுத்துப் போனேன். ஒன்றை எடுத்தார், ஓரத்தைக் கட்டைவிரலால் நீவி நேர் செய்தார், மடித்தார். நான் மடித்ததை வாங்கிப் பிரித்துத் திரும்ப மடித்தார். ஒரு மணி நேரம் ஒரு சொல்லும் பேசவில்லை. புறப்பட்டபோது என் கையைத் தட்டிக்கொடுத்தார். அதன்பின் எல்லா வாரமும் துவாலைதான்.

இஸ்ரேல், காசா பற்றிப் பேச்சு வந்தால்?

நீங்கள் தொடங்காதீர்கள். அவர் தொடங்கினால் கேளுங்கள். அங்கே உறவினர் இருக்கக்கூடும், பயம் இருக்கும், துக்கம் இருக்கும், உங்கள் கருத்துக்கு நேர்மாறான கருத்தும் இருக்கும். யூதர்களுக்குள்ளேயே ஒரே மேசையில் நான்கு கருத்துகள் எழுவதை நான் பார்த்திருக்கிறேன். ஓர் அரசின் செயலுக்கு, பாதர்ஸ்ட் வீதியில் தள்ளுவண்டி பிடித்து நடக்கும் ஒரு மூதாட்டியிடம் கணக்குக் கேட்பது நியாயமில்லை என்பது என் உறுதியான எண்ணம். மனதில் ஆழமான கொதிப்பு இருந்து, அதை வாசலில் கழற்றி வைக்க முடியாது என்று தோன்றினால், இந்தப் பணியை இப்போது எடுக்காதீர்கள்.

மதம் மாற்ற முயல்வார்களா?

மாட்டார்கள். யூத மதத்தில் ஆள் சேர்க்கும் வழக்கம் இல்லை. நாமும் அதைச் செய்யக்கூடாது. கிறித்தவத் தமிழர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: துண்டுப் பிரசுரம், வேத வசனம், "உங்களுக்காக ஜெபிக்கட்டுமா" எதுவும் வேண்டாம். கட்டாய மதமாற்றத்தின் நினைவு அந்தச் சமூகத்தில் நூற்றாண்டுகள் பழையது.

பணம், சாவி, வங்கி அட்டை?

எதையும் வாங்காதீர்கள். கடைக்குப் போனால் ரசீதும் மீதிச் சில்லறையும் கையோடு. அன்பளிப்பாகப் பணம் தந்தால் மறுத்துவிடுங்கள். ஒரு சாக்லேட் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அதையும் மறுப்பது மனதைப் புண்படுத்தும். "தாத்தா, நான் சிறையில் இருக்கிறேன், பணம் அனுப்புங்கள்" என்று பேரன் போல் பேசி ஏமாற்றும் தொலைபேசி அழைப்புகள் பற்றி அடிக்கடி நினைவூட்டுங்கள். படம் எடுக்காதீர்கள். முகநூலில் போட எடுக்கவே எடுக்காதீர்கள். கீழே விழுந்தவரைத் தூக்காதீர்கள்.

நம் முதியவர்களே ஸ்காபரோவில் தனியாக இருக்கிறார்களே. அவர்களை விட்டுவிட்டு ஏன் அங்கே?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்டது இதுதான். சரியான கேள்வி. உங்கள் கட்டடத்திலேயே தனியாக இருக்கும் ஓர் ஐயாவைத் தெரியும் என்றால் அவரிடமே போங்கள், பாதர்ஸ்ட் வீதி வரை வர வேண்டியதில்லை.

நான் அங்கே போகக் காரணம் உண்டு. 1939இல் செயிண்ட் லூயிஸ் என்ற கப்பலில் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட யூத அகதிகள் ஜெர்மனியிலிருந்து புறப்பட்டார்கள். கியூபா இறங்க விடவில்லை, அமெரிக்கா விடவில்லை, கனடாவும் விடவில்லை. கப்பல் ஐரோப்பாவுக்குத் திரும்பியது, அதில் வந்தவர்களில் 254 பேர் பின்னால் கொல்லப்பட்டார்கள். 2018இல்தான் கனடா மன்னிப்புக் கேட்டது. 1986இல் நியூஃபவுண்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை அங்கிருந்த மீனவர்கள் கரை சேர்த்தார்கள், இந்த நாடு அவர்களைத் தங்க விட்டது. இடையிலிருந்த 47 ஆண்டுகளில் இந்த நாட்டின் மனம் மாறியிருக்கிறது. திருப்பி அனுப்பப்பட்டவர்களின் கதையைச் சொல்லிச் சொல்லி நினைவில் வைத்திருந்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன். அந்தக் கடன் எனக்கு இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. மறதி நோயில் ஆங்கிலம் போய்த் தமிழ் மட்டும் மிஞ்சியிருக்கும் நம் பெரியவர்கள் இனித்தான் அதிகமாகப் போகிறார்கள். அதை எப்படித் தாங்குவது என்று நூறு ஆண்டுகளாகக் கற்ற சமூகம் பக்கத்திலேயே இருக்கிறது.

நான் போய்வரும் முதியவர் இறந்துவிட்டால்?

அடக்கம் மிக விரைவில், முடிந்தால் மறுநாளே நடக்கும். மலர் வளையம் அனுப்பாதீர்கள், அது அவர்கள் வழக்கமில்லை. பிறகு ஏழு நாள் துக்கம் காப்பார்கள், அதற்கு ஷிவா என்று பெயர். வீட்டார் தாழ்ந்த இருக்கைகளில் உட்கார்ந்திருப்பார்கள், கண்ணாடிகள் மூடப்பட்டிருக்கும். போங்கள். அவர்கள் பேசும்வரை பேசாமல் உட்கார்ந்திருங்கள், அதுதான் முறை. மயானத்திலிருந்து வந்தால் வாசலில் கை கழுவ நீர் வைத்திருப்பார்கள். நமக்கு அந்த நீரைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை.

துவாலை மடித்த பெரியவரின் ஷிவாவுக்குப் போனபோது, நான் முன்பின் பார்த்திராத அவர் மகள் எழுந்து வந்து, "துவாலைக்காரர் நீங்கள்தானா?" என்று கேட்டார்.

இடையில் நிறுத்த வேண்டி வந்தால்?

வேலை மாறும், பிள்ளை பிறக்கும், சொந்தத் தாய்க்கே நோய் வரும். நிறுத்தலாம். நான்கு வாரம் முன்பே ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லுங்கள், வேறொருவரைத் தேட அவருக்கு நேரம் வேண்டும். முதியவரிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள். தொலைபேசியில் வேண்டாம், பிறர் மூலமாகவும் வேண்டாம். முடியுமானால் கடைசிக்கு முந்திய வாரம் புதியவரைக் கூடவே அழைத்துப் போங்கள். கடைசி வருகை எந்த நாள் என்று நாட்காட்டியில் அவர் கையாலேயே எழுதட்டும். அந்த நாளில் அவர் எழுந்து போய் வட்டம் போட்டு முடிக்கும்வரை நின்று, பிறகு மேலங்கியை எடுங்கள்.